திரும்பக் கொண்டுவந்து விடுவோம்

ஜூன் 13, வியாழன்

மிச்சரை இன்று சாயங்காலம் புதைத்தேன். உப்பள வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், உடைமரத்தடியில். மண் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டும் குழியைக் கொத்துகிற மண்வெட்டியை எடுத்துப் போயிருந்தேன்.

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால் படியில் அவளைக் காணோம். எதிர்ச் சாக்கடை ஓரம் கிடந்தாள். வாயில் நுரை, கால்கள் விறைத்து நீண்டிருந்தன. தெருமுனை வரை நடந்து பார்த்தேன். கருப்பன், நொண்டி, டீக்கடையைச் சுற்றும் வெள்ளை, இன்னும் பெயர் வைக்காத இரண்டு. தெரு நாய்கள் எல்லாம் அப்படியே கிடந்தன.

குப்பை வண்டி வந்தது. மற்றவற்றைக் காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். மிச்சர் பக்கம் வந்தபோது குறுக்கே நின்றுகொண்டேன்.

"டீச்சர், வெயில் ஏறுனா நாறிரும்."

"நாறட்டும். இது வண்டியில ஏறாது."

போர்வையில் சுற்றி ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். புது டாக்டர், பானு என்று பெயர், சின்ன வயசு. அறுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"உங்க நாயா?"

"இல்ல. தெரு நாய்."

"அப்புறம் நீங்க ஏன்..."

"வேற யாரு வருவா?"

வயிற்றில் பிரியாணிச் சோறும் கறியும் இருந்ததாம். அதில் வயலுக்குப் போடும் குருணை மருந்து.

உள்ளங்கையில் கொப்புளம். நாளை பிள்ளைகளுக்குக் குண்டு எறியக் காட்ட வேண்டும். எப்படிப் பிடிப்பேன் என்று தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

குண்டு எறியவில்லை. கோ-கோ ஆடவிட்டேன். ஆட்டம் முடிந்துவிட்டது என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

ஜூன் 15, சனி

போலீஸ் ஸ்டேஷன். எழுத்தர் என் பெயரைக் கேட்டார். "ஜெபக்கனி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை." புகார் என்ன என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எஸ்.ஐ. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். என் மாணவி ஒருத்தியைக் கட்டியிருக்கிறாராம். "டீச்சர், இங்க மனுசன் வெட்டுப்பட்டு வாறான். நாய்க்கு நான் என்ன செய்ய?"

"விஷம் வைக்கது குத்தமா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"குத்தந்தான்."

"அப்ப எழுதுங்க."

பெஞ்சில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். அப்புறமும் உட்கார்ந்தேன். கடைசியில் எழுதினார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் தெருச் சங்கக் கூட்டம். தலைவர் சுயம்பு அண்ணாச்சி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "யார் செஞ்சாவளோ நமக்குத் தெரியாது. ஆனா தெருவுக்கு நல்லதுதான் செஞ்சிருக்காவ." கைதட்டினார்கள். என் மாணவிகளின் அம்மாக்கள் மூன்று பேர் தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "நாய் தொல்லை இருந்தா முனிசிபாலிட்டியைக் கூப்பிடணும். கருத்தடை பண்ணணும், ஊசி போடணும். கறியில விஷம் வச்சிக் கொல்லுறது நல்லதா? நாளைக்கு அந்தச் சோத்த ஒரு பிள்ளை எடுத்துத் தின்னிருந்தா?"

அப்போது ரெஜினா எழுந்தாள். நாலாவது வீடு. கையைப் பிடித்தபடி மகள் ஜெஸி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. மே மாதம் மீன் மார்க்கெட் பக்கமிருந்து வந்த ஒரு செவலை நாய் கன்னத்தைக் குதறிவிட்டது. தையல் பிரித்த இடம் இன்னும் சிவப்பாக, கன்னத்தில் கம்பளிப்பூச்சி ஊர்வது மாதிரி இருக்கிறது.

"டீச்சர், நீங்க போட்ட சோத்துக்குத்தான இந்தத் தெருவுல நாய் சேந்துச்சி?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஜெஸியின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. ரேஷன் அரிசி வாங்க வேண்டும். மோட்டார் சுவிட்ச் மறுபடி தீப்பொறி தட்டுகிறது.

ஜூன் 18, செவ்வாய்

சோறு மிஞ்சுகிறது. அளவைக் குறைத்துப் போட்டும் மிஞ்சுகிறது.

ஜூன் 21, வெள்ளி

மூன்று புது நாய்கள். மார்க்கெட் பக்கமிருந்து வந்தவை. ஒன்று வயிறு தொங்க நடக்கிறது, சீக்கிரம் போட்டுவிடும். டீக்கடை வாசலில் வெள்ளை படுக்கும் அதே இடத்தில் ஒரு கடுவன் நாய் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்து உறுமுகிறது.

பள்ளி விட்டதும் பானு டாக்டரிடம் போனேன். அறிக்கை வாங்கத்தான் போனேன். உட்காரச் சொன்னாள்.

"இடம் காலியா இருந்தா அடுத்தது வரும் டீச்சர். குப்பை இருக்கு, மீன் கழிவு இருக்கு, வராம என்ன செய்யும்? பழைய நாய்களுக்காவது ஆளு பழக்கம். இது எதுக்கும் ஊசியும் போட்டிருக்காது."

"அப்ப என்னதான் வழி?"

"இருக்கறத எல்லாம் பிடிச்சு, கருத்தடை பண்ணி, வெறிநாய் ஊசி போட்டு, பிடிச்ச இடத்திலயே திரும்ப விடணும். அதுங்க தெருவைக் காக்கும், புதுசு உள்ள வராது. குட்டியும் போடாது. கொஞ்ச வருசத்துல தானாக் குறையும். சட்டமும் அதத்தான் சொல்லுது."

பிறகு கேட்டாள்: "மிச்சர் எத்தன தடவ குட்டி போட்டுச்சு?"

சொன்னேன்.

அவள் மேஜை மேலிருந்த ஊசி டப்பாவை நேராக வைத்தாள்.

ஜூன் 24, திங்கள்

கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்குப் பட்டா பிரச்சினை, பின்னால் நின்ற பெண்ணுக்கு விதவைப் பென்ஷன். என் மனுவை எட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "நாய்க்கா வந்திய?"

"ஆமா. நாய்க்குத்தான்."

"எங்க தெருவுலயும் கெடக்கு. அதையும் சேத்து எழுதுங்க."

எழுதிச் சேர்த்தேன். கலெக்டர் வாசித்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நகராட்சிக்கு என்று குறிப்பெழுதிக் கொடுத்தார். வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் பிஸ்கட் பாக்கெட் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று பையைத் திறந்தபோதுதான் யோசித்தேன். எனக்குச் சர்க்கரை. பிஸ்கட் தின்பதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

நகராட்சி அலுவலகம், நாலாவது தடவை. இன்றைக்குத்தான் ஆணையரைப் பார்க்க முடிந்தது.

"கருத்தடை மையம் இருக்கு மேடம். வண்டி இருக்கு, பிடிக்கிற ஆளுங்க இருக்காங்க. ஆனா போன வருசம் ஒரு வார்டுல நாய்களைத் திரும்ப விடப் போனப்ப வண்டிய மறிச்சு, கண்ணாடிய உடைச்சிட்டாங்க. உங்க தெருக்காரங்க பிரச்சினை பண்ண மாட்டோம்னு சொல்லட்டும். அடுத்த வாரமே அனுப்புறேன்."

"சட்டப்படி நீங்க அனுப்பணும்."

"சட்டம் சரி மேடம். கண்ணாடிக்கு யார் பதில் சொல்றது?"

பதில் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். தெருவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இருபத்தேழு வருஷமாக மைதானத்தில் பெண் பிள்ளைகளை ஓட வைத்திருக்கிறேன். முதல் நாள் ஒருத்தியும் ஓடமாட்டாள். வெட்கம், வயிற்றுவலி, அம்மா திட்டுவாள். கடைசியில் ஓடுவார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

ஓடவில்லை.

சங்கக் கூட்டத்தில் சுயம்பு அண்ணாச்சி: "பிடிச்சிட்டுப் போறது சரி. திரும்பக் கொண்டாந்து விடுவாவளாம்! இது என்ன கணக்கு டீச்சர்? கொசுவப் பிடிச்சி மருந்தடிச்சி வீட்டுக்குள்ளயே விடுவமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பானு டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். போன மாதம் கொன்ற இடத்தில் இன்று எத்தனை நிற்கிறது என்று வெளியே போய்ப் பார்க்கச் சொன்னேன். யாரும் போகவில்லை. "உங்களுக்கு நாய்ப் பாசம், எங்களுக்குப் பிள்ளைப் பாசம்" என்று ஒரு குரல். யாரென்று பார்க்கவில்லை.

எனக்கு நாய்ப் பாசம் ஒன்றும் இல்லை. அம்மா போன பிறகு மிச்சர் படியில் வந்து படுத்தாள். படுக்காதே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். டீக்கடையில் மிக்சர் தின்று பழகி அந்தப் பெயர் வந்தது. நான் வைத்ததுகூட இல்லை.

ரெஜினாவின் வீட்டுக்காரன் தாசன் கூட்டத்துக்கு வரவில்லை. ரெஜினா வந்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

எஸ்.ஐ. போன் செய்தார். முனையிலிருக்கும் பேக்கரியின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. விடியுமுன் தெருவுக்குள் ஒரு குட்டியானை, சின்ன சரக்கு வண்டி, மெதுவாக வருகிறது, ஒரு ஆள் இறங்கி இலைப் பொட்டலங்களை வைத்துக்கொண்டே போகிறான். நம்பர் தெளிவாகத் தெரிகிறது. ஆளும் ஒத்துக்கொண்டான்.

தாசன்.

ஜூலை 10, புதன்

வெள்ளம் வந்த வருஷம் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் அம்மாவை நாற்காலியோடு தூக்கித் தன் வண்டியில் ஏற்றியவன் தாசன். ஆஸ்பத்திரி வாசல்வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன், அவன் ஓட்டினான். மிச்சருக்குக் கறிக்கடை எலும்பு கொண்டுவந்து போடுவான். அதனால்தான் அவன் வைத்ததை அவள் மோந்துகூடப் பார்க்காமல் தின்றிருப்பாள்.

இதை எழுதிவிட்டு வெளியே போய் வாசலைக் கழுவினேன். அழுக்கொன்றும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

ரெஜினா வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றாள்.

"டீச்சர், கேஸ வாபஸ் வாங்கிருங்க."

"வாங்க மாட்டேன்."

"அந்த மனுசன் கெட்டவரு இல்ல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் கோவம் கூடுதலா இருக்கு."

"தூக்கத்துல பிள்ள வீல்னு அலறுதா. எந்திரிச்சா சட்டையெல்லாம் நனைஞ்சி கெடக்கு. இவரு சுவத்துல முட்டிக்கிட்டு அழுவாரு. வேலைக்குப் போனாலும் நாயப் பாத்தா வண்டிய நிறுத்திட்டுக் கல்லெடுப்பாரு. என்னத்தச் செய்ய அவரு? நீங்க ஒரு பிள்ள பெத்திருந்தா..."

நிறுத்திவிட்டாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, போய் இறக்கிவிட்டு வந்தேன்.

"ரெஜினா, கடிச்சது மிச்சர் இல்ல."

"தெரியும் டீச்சர்."

"கடிச்ச செவலை செத்ததுல இல்ல. அதுவும் தெரியுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இங்க வா." கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். சாக்கடைப் பாலத்தில் ஒன்று, டீக்கடையில் இரண்டு, பந்தல்காரர் வீட்டு மணல் மேட்டில் குட்டிகளோடு ஒன்று. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. "நாளைக்கு ஜெஸி பள்ளிக்கூடம் போற வழி இதுதான? இதுல ஒண்ணுக்காவது ஊசி போட்டிருக்கும்னு உனக்குத் தோணுதா? உன் வீட்டுக்காரன் கொன்னது எல்லாம் பிள்ளையப் பாத்தா வாலாட்டுன நாய். அது போனதால வந்தது இது. இதையும் கொல்லச் சொல்லு. அடுத்த மாசம் இன்னும் வரும்."

அவள் மணல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எம்பிள்ளைக்கு யாரு பதில் சொல்லுவா?"

"அதுக்குத்தான் ஆபீஸ் ஆபீஸா அலையுதேன். நீங்க எல்லாரும் சேந்து என் காலைத்தான் கட்டிப்போட்டுருக்கிய."

அவள் போய்விட்டாள். கத்தியிருக்க வேண்டாம். ஆனால் கத்தியதெல்லாம் உண்மை.

ஜூலை 15, திங்கள்

விளையாட்டு விழா ஒத்திகை. வெயில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாள், உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரெஜினா படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படியில் ஒரு மாதமாக யாரும் உட்காரவில்லை.

"கேஸு உங்க இஷ்டம் டீச்சர். நடக்குறது நடக்கட்டும். நாய் விசயத்துக்கு நான் வாரேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூலை 16, செவ்வாய்

வீடு வீடாகப் போனோம். நான் பேசவில்லை. பேசக் கூடாது என்று ரெஜினா சொல்லிவிட்டாள். "நீங்க பேசுனா சண்டைதான் வரும்." தையலோடு இருக்கும் ஜெஸியின் போட்டோ ஒன்றைக் காட்டி, "இதுக்கப்புறம் எனக்குத்தான் அதிக பயம். நானே சம்மதிக்கேன், உங்களுக்கு என்ன?" என்று கேட்டாள். கன்னத்தில் காயம்பட்ட பிள்ளையின் அம்மாவிடம் யார் மாட்டேன் என்பது? சுயம்பு அண்ணாச்சி மட்டும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே டி.வி. ஓடுவது கேட்டது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பிடித்தார்கள். கருத்தடை மையத்திலிருந்து நாலு பேர், நீளக்குச்சியில் கட்டிய வலையோடு. பெரிய வண்டி தெருவுக்குள் திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றது. பிடித்த நாய்களைக் கூண்டோடு அவ்வளவு தூரம் தூக்க வேண்டும். தாசன் கேட்டைத் திறந்து குட்டியானையை வெளியே எடுத்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தெருவின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். பின்கதவை இறக்கினான். கூண்டுகளை ஏற்றினார்கள். நாலைந்து நடை ஓட்டினான்.

என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. குட்டிகளைத் துண்டில் வைத்து அவன் வண்டியின் முன்சீட்டில் வைத்தேன். கீழே விழாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறுகையால் ஓட்டினான்.

செவலையும் மாட்டியது. ஜெஸியைக் கடித்ததேதான். பத்து நாளைக்கு மேல் கண்காணித்துவிட்டுத்தான் விடுவோம் என்றார்கள். நல்லது என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றுதான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வண்டி வரும் நேரத்துக்குச் சுயம்பு அண்ணாச்சி தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றி ஏழெட்டுப் பேர். சம்மதம் சொன்னவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் நின்றார்கள். இந்த ஊரே அப்படித்தான்.

"டீச்சர், பேசுனது பேசுனதாப் போட்டும். எங்கயாவது காட்டுல கொண்டுபோய் விடச் சொல்லுங்க. பெட்ரோலுக்கு நான் தாரேன்."

"இந்த ஊர்ல காடு எங்க இருக்கு அண்ணாச்சி? உப்பளத்துக்கு அந்தப் பக்கமும் மனுசந்தான் இருக்கான். அவனுக்குப் பிள்ள இல்லையா?"

"கடிச்சா யாரு பொறுப்பு?"

"நான்."

"நாளைக்கு நீங்க மாத்தலாகிப் போயிருவிய."

"நான் எங்கயும் போகலை. நாற்காலிய எடுங்க."

எடுக்கவில்லை. டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, திரும்பிப் போகவா என்று சைகை காட்டினார். நாற்காலிக்கு முன்னால் ரோட்டில் போய் நின்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ரெஜினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஜெஸி வீட்டு மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "அண்ணாச்சி, எம்பிள்ள மொகத்துல தையல் போட்ட அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வரல. மறுநாளும் வரல. இப்ப எம்பிள்ளைக்காகன்னு சொல்லிக்கிட்டு நாற்காலி போடாதிய. கடிச்சா டீச்சரும் நானும் பாத்துக்கிடுதோம். வண்டிய விடுங்க."

பின்னால் நின்ற இரண்டு பேர் நழுவினார்கள். அண்ணாச்சி எழுந்து, நாற்காலியை அவரே மடக்கிக்கொண்டு போனார்.

கூண்டுகளைத் திறந்தோம். ஒவ்வொன்றாக இறங்கின. காதில் சின்னதாக வெட்டிய அடையாளம், கருத்தடையும் ஊசியும் ஆனதற்கு. தாய் நாய் இறங்கியதும் குட்டிகளோடு மணல் மேட்டுக்கு ஓடியது. செவலை கடைசியாக இறங்கியது. ரெஜினாவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. செவலை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரை ஒட்டி, மார்க்கெட் பக்கம் நடந்தது. அது போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

கோர்ட். தாசன் கூண்டில் ஏறி, "ஆமா, நான்தான் வச்சேன்" என்றான். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. அபராதம் போட்டார்கள். நானும் சாட்சிக்குப் போயிருந்தேன், கூப்பிடவே இல்லை.

வெளியே புளியமரத்தடியில் நின்றான். நான் படியிறங்கி வரும்வரை காத்திருந்தான்.

"டீச்சர், இப்ப சரியாப் போச்சா?"

"இல்ல."

தலையைக் குனிந்துகொண்டான். காக்கிச் சட்டையின் காலர் கிழிந்திருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அவன் நன்றாகத் தூங்குவான். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை.

"மேலத்தெருவுல நெறைய நாய் கெடக்கு," என்றேன். "அங்கயும் ஒரு பிள்ளையக் கடிச்சிருக்காம். ஞாயித்துக்கெழம போறோம், நானும் ரெஜினாவும். அந்தத் தெருவுக்குள்ளயும் பெரிய வண்டி போகாது."

"எத்தன மணிக்கு?"

"ஏழு."

செப்டம்பர் 15, ஞாயிறு

தாசன் ஆறரைக்கே வந்து நின்றான். வண்டியில் ரெஜினா நடுவில், நான் ஓரத்தில்.

மேலத்தெருச் சங்கத் தலைவர் வாசலிலேயே கையை நீட்டி மறித்தார். "நீங்கதான் அந்த நாய் டீச்சரா? எங்க தெருவுல பிடிச்சிட்டுப் போற நாய் ஒண்ணும் திரும்ப வரக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா பேசுங்க. இல்ல, இப்படியே கெளம்புங்க."

செருப்பைக் கழற்றினேன். அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல குடிக்கத் தண்ணி குடுங்க," என்றேன். "நேரம் ஆகும்."